கிரகணம் தேடி வந்த ஜான்சென்

கிரகணம் என்றதும் நம் இல்லங்களில் நடப்பது என்ன? சன்னல்கள் சாத்தப்படுகின்றன. சமைத்த உணவின்மேல் தர்ப்பைப் புல் இடப்படுகிறது. கருவுற்ற பெண்கள் உள்ளறையில் இருத்தப்படுகின்றனர். தாம்பாளத்து நீரில் உலக்கை நிற்கிறதா என்று பாட்டி பார்க்கிறார். பிள்ளைகளுக்கோ வாசற்படி தாண்டக் கூடாது என்ற கட்டளை பிறக்கிறது. 1980 பிப்ரவரி 16-ஆம் நாள் ஹூப்ளி, ராய்ச்சூர் வழியே முழுச் சூரிய கிரகணம் சென்றபோது, பகுதிக் கிரகணம் மட்டுமே தெரிந்த தமிழகத்திலும் தெருக்கள் பட்டப்பகலில் வெறிச்சோடிக் கிடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண கிரகணம் கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை வழியே சென்றது. அன்று நம் காட்டுமன்னார்கோயிலில் சூரியன் தேய்ந்து பிறையாக நின்றான். அந்தப் பிறையைக் கண்டவர்கள் நம்மில் சிலரே. கதவடைத்து இருந்தவர்களே பலர்.

இந்த அச்சத்தில் ஒரு பாதி நியாயமானதுதான். கிரகணத்தைக் காக்கும் கருவியின்றிப் பார்த்தால் கண் கெடும் என்பது உண்மை. ஆனால் மறுபாதி அறியாமையால் வந்தது. எங்கே நின்று, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தவர்க்குக் கிரகணம் அஞ்சத்தக்கது அன்று. அதைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டிய ஒருவர், நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம் நாட்டுக்கு இரு முறை வந்தார். ஒரு முறை ஆந்திரத்துக் குண்டூருக்கு. மறுமுறை நம் நீலகிரி மலைக்கு. அவரே பிரெஞ்சு வானியல் அறிஞர் ஜூல் ஜான்சென். அவருடைய வாழ்வை இவ்வாண்டு நம் மாணவியர்க்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

நடக்க இயலாத சிறுவன்

1824 பிப்ரவரி 22-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஜான்சென் பிறந்தார். தந்தை இசைக் கலைஞர். குழந்தையாயிருந்தபோது வளர்த்த தாதியின் கவனக் குறைவால் நேர்ந்த விபத்தில் ஒரு கால் ஊனமுற்றது. வாழ்நாள் முழுவதும் அவர் நொண்டியே நடந்தார். மற்றப் பிள்ளைகளைப் போல ஒழுங்காகப் பள்ளிக்குச் சென்று படிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. குடும்பத்தின் பொருள் நிலை தாழ்ந்தது. ஆகவே இளமையிலேயே ஒரு வங்கியில் எழுத்தர் வேலைக்குப் போனார்.

பகலெல்லாம் கணக்குப் புத்தகம். ஓய்வு நேரமெல்லாம் பாடப் புத்தகம். இப்படியே சில ஆண்டுகள் கழிந்தன. பள்ளி இறுதித் தேர்வில் தேறும்போது அவருக்கு வயது 25. கணிதத்தில் பட்டம் பெற்றபோது 28. நம் மாணவியருள் எவரேனும் ஒரு தேர்வில் தவறி மனம் சோர்ந்திருந்தால், இந்த எண்களைச் சற்றே நினைவிற் கொள்ளட்டும்.

1857-இல் ஹென்ரியெட் என்ற அம்மையாரை மணந்தார். அதே ஆண்டில் பூமியின் காந்த நடுக்கோட்டை அளந்தறியும் பணிக்காகத் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குச் சென்றார். அங்கே கடும் நோய் கண்டு, உடல் நலிந்து திரும்பினார். தொலைதூரப் பயணம் இவருக்கு ஏற்றதன்று என்று பிறர் எண்ணியிருக்கக்கூடும். அவரோ அதன் பின்னரே தம் நெடும் பயணங்களையெல்லாம் மேற்கொண்டார்.

கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி

பெருவிலிருந்து திரும்பிய ஜான்சென், பிரான்சில் பெரிய இரும்பு ஆலைகள் இருந்த லெ குரூசோ என்னும் ஊரில், ஆலை உரிமையாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். உலைகளில் உருகிய இரும்பு கண்ணைப் பறிக்கும் ஒளியுடன் கொதித்துக்கொண்டிருக்கும். அவ்வளவு வெப்பத்தைக் கண் எவ்வாறு தாங்குகிறது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அதையே ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களில் பெரும் பங்கைக் கண்ணின் முன்பகுதியில் உள்ள தெளிந்த நீர்மங்களே உறிஞ்சிக்கொள்கின்றன என்று கண்டார். 1860-இல் இவ்வாராய்ச்சிக்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு இயற்கை தந்த இந்தக் காப்பு ஓரளவுக்கே பயன்படும். சூரியனை நேரே நோக்கும்போது, கண்ணின் வில்லை அந்த ஒளியை ஒரு சிறு புள்ளியாகக் குவித்து விழித்திரையின்மேல் விழச் செய்கிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பது போன்ற செயல் இது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லை. ஆதலால் கண் கெட்டுக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் தெரியாது. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றும். அது நீங்காமலே நிலைத்துவிடுவதும் உண்டு. கிரகணக் கதிர் என்று தனியே நச்சுக் கதிர் ஏதும் இல்லை. மற்ற நாளில் கூச்சம் தாங்காமல் நாம் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகண நாளில் ஒளி குறைவதால் திருப்பாமல் பார்க்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இடம் தேர்ந்த அறிவு

1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணம், அந்த நூற்றாண்டின் மிக நீண்ட கிரகணங்களுள் ஒன்று. உச்ச இடத்தில் ஆறே முக்கால் நிமிடம் சூரியன் முழுதும் மறைந்திருக்கும் என்று கணித்திருந்தனர். ஏடனைக் கடந்து, இந்தியாவின் குறுக்கே பீஜப்பூர், குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக வங்கக் கடலைக் கடந்து, சயாம் நாட்டின் வழியே நிழல் செல்ல வேண்டும்.

நிழல் என்பதைச் சற்று விளக்குவோம். சூரியனின் விட்டம் சந்திரனுடையதைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. அது இருக்கும் தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. அதனால் இரண்டும் வானில் ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரன் சூரியனைச் சரியாக மூடும்போது, அதன் கருநிழல் பூமியின்மேல் நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையாக ஓடுகிறது. அந்தப் பட்டைக்குள் நிற்பவருக்கே முழுக் கிரகணம். ஓர் அடி வெளியே நின்றாலும் பகுதிக் கிரகணந்தான். ஒரே ஊருக்கு முழுக் கிரகணம் மீண்டும் வரச் சராசரியாக 375 ஆண்டுகள் போல ஆகும். எனவே கிரகணம் நம்மைத் தேடி வரும் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

ஜான்சென் தேடிப் புறப்பட்டார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஆதரவோடு கப்பலேறிச் சென்னை வந்தார். பட்டையின்மேல் எத்தனையோ ஊர்கள் இருந்தன. மசூலிப்பட்டினம் கடற்கரையில் இருப்பதால் மூடுபனி வரக்கூடும். மேற்கே போனால் மலைமுகடுகளில் மேகம் தங்கும். குண்டூரோ மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சமவெளி. நிழற்பட்டையின் நடுக்கோட்டுக்கும் அண்மையில் இருந்தது. ஆகவே குண்டூரைத் தேர்ந்து, அங்கிருந்த பிரெஞ்சு வணிகர் ஒருவரின் வீட்டில் கருவிகளை நிறுவினார். ஆகஸ்டு மாதம் தென்மேற்குப் பருவமழைக் காலம். கிரகணத்துக்கு முந்திய நாள்களில் மழை பெய்தது. பல மாத உழைப்பும் கடல் கடந்த பயணமும் ஒரு மேகத்தால் வீணாகிவிடுமோ என்ற கவலை அங்கிருந்த எல்லோருக்கும் இருந்தது.

அந்நாளில் அவர் தனியாக இல்லை. ஆங்கிலேயரான மேஜர் டென்னன்ட் குழுவினரும் குண்டூரில் இருந்தனர். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அதே வானாய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கினார். இவர் பின்னர், 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பொதுமக்கள் அறிந்துகொள்ளும்படி இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டவர். சயாம் மன்னர் மோங்குட் தாமே கிரகணத்தைக் கணித்து, அயல்நாட்டு விருந்தினரையும் அழைத்துக்கொண்டு வா கோ என்ற கடலோர ஊருக்குச் சென்று கண்டார். அங்கே மலேரியாக் காய்ச்சல் பற்றி, அக்டோபர் முதல் நாள் உயிர் நீத்தார். அறிவின் பொருட்டு மனிதர் எத்தனை விலை கொடுத்துள்ளனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மறுநாள் காலை

ஆகஸ்டு 18 காலையில் வானம் தெளிந்தது. மெல்லிய பனிப்படலம் மட்டுமே இருந்தது. சந்திரன் சிறிது சிறிதாகச் சூரியனை மூடியது. கடைசி ஒளிக்கீற்றும் மறைந்தபோது, கரிய வட்டத்தைச் சுற்றி வெண்ணிறப் பரிவட்டம் தோன்றிற்று. வட்டத்தின் ஓரத்தில் செந்நிறச் சுவாலைகள் எழுந்து நின்றன. அவற்றுள் ஒன்று பெரிய கொம்பு போல நெடிதுயர்ந்திருந்தது. அவை எரியும் வாயுவா, மேகமா, வெறும் தோற்ற மயக்கமா என்று அதுவரை எவருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஜான்சென் தம் தொலைநோக்கியில் நிறமாலைக் கருவியைப் பொருத்தியிருந்தார். ஒளியை வானவில் போலப் பிரித்து, அது எப்பொருளிலிருந்து வருகிறது என்று காட்டும் கருவி அது. சுவாலையின் ஒளியை அதில் செலுத்தியதும், தொடர்ந்த வானவில்லுக்குப் பதிலாகத் தனித்தனியே ஒளிரும் கோடுகள் தெரிந்தன. சுவாலைகள் வெப்பமிக்க வாயு, அதிலும் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்பது ஐயமற விளங்கிற்று. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்த அந்த இருளில் மற்றவர்களும் இதே கோடுகளைக் கண்டனர்.

மற்றவர்கள் கருவிகளை மூட்டை கட்டத் தொடங்கினர். ஜான்சென் மனத்தில் மட்டும் வேறொரு எண்ணம் ஓடியது. இக்கோடுகள் இவ்வளவு பளிச்சென்று இருக்கின்றனவே. கிரகணம் இல்லாத நாளிலும் இவற்றைக் காண முடியாதா? சூரிய ஒளியை நிறமாலையாக விரித்தால் அது பரந்து மங்கும். இந்தக் கோடுகளோ ஓரிடத்திலேயே குவிந்து நிற்கும். ஆகவே முடியும் என்று துணிந்தார். அன்று வானம் மீண்டும் மூடிக்கொண்டதால் முயன்று பார்க்க இயலவில்லை. மறுநாள், ஆகஸ்டு 19 விடியற்காலையிலேயே எழுந்து கருவியைச் சூரியனின் விளிம்புக்கு நேராகத் திருப்பினார். கிரகணம் இல்லை, சூரியன் முழுமையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஆயினும் அந்தக் கோடுகள் தெரிந்தன. முந்திய நாள் கண்ட சுவாலைகள் ஓரிரவில் வடிவம் மாறியிருந்ததையும் கண்டார்.

அன்று முதல் செப்டம்பர் 4 வரை 17 நாள்கள் குண்டூரிலேயே தங்கி, நாள்தோறும் சூரியச் சுவாலைகளை ஆராய்ந்தார். மற்றவர்க்குச் சில நிமிடங்களில் முடிந்துபோன கிரகணம், அவருக்கு 17 நாள்கள் நீடித்தது என்றால் மிகையாகாது.

இரு கடிதங்கள்

தம் கண்டுபிடிப்பை எழுதிப் பாரிஸுக்கு அனுப்பினார். கப்பல் தபால் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதற்கிடையில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் என்ற அறிஞர், ஜான்செனின் முயற்சியை அறியாமலே, அதே முறையை எண்ணி அக்டோபர் 20-ஆம் நாள் செய்து வெற்றி கண்டார். அவருடைய கடிதமும் ஜான்செனின் கடிதமும் பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஒரே கூட்டத்துக்கு, சில நிமிட இடைவெளியில் வந்து சேர்ந்தன.

யார் முந்தியவர் என்ற வழக்கு எளிதில் பகையாக மாறியிருக்கும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. பிரெஞ்சு அரசு பின்னர் ஒரு பதக்கம் வெளியிட்டு, அதில் இருவருடைய முகங்களையும் அருகருகே பொறித்தது. சுவாலைகளின் நிறமாலையில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, அறிந்த எப்பொருளுடையதுமன்று என்று காட்டி, அதற்குக் காரணமான தனிமத்துக்குச் சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று பெயரிட்டவர் லாக்கியர். அந்த ஹீலியத்தைப் பூமியில் 1895-இல் ராம்சே என்பவர் கண்டார். விழாக்களில் பிள்ளைகள் கையில் பிடித்து மகிழும் பலூனுக்குள் இருக்கும் வாயு, முதலில் சூரியனில் அறியப்பட்டது என்பது எவ்வளவு வியப்பு!

முற்றுகையும் மேகமும்

1870 டிசம்பர் 22-ஆம் நாள் வட ஆப்பிரிக்காவில் முழுக் கிரகணம் தெரியவிருந்தது. ஆனால் அப்போது பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டிருந்தன. நகருக்குள் இருந்தவர் வெளியேற வழியில்லை. ஆங்கில அறிஞர்கள் பிரஷ்யரிடம் பேசி, ஜான்சென் வெளியேற அனுமதி பெற முயன்றனர். தம் நாட்டின் பகைவரிடம் அத்தகைய சலுகை பெற அவர் விரும்பவில்லை. டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் வோல்ட்டா என்ற பலூனில் கருவிகளோடு ஏறினார். துணைக்கு ஒரு மாலுமி மட்டுமே. கால் ஊனமுற்ற 46 வயது மனிதர், பகைவர் படைகளின் தலைக்கு மேலே பறந்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் பிரான்சின் மேற்குக் கடற்கரை அருகே இறங்கினார். அங்கிருந்து அல்ஜீரியாவின் ஓரான் நகரை அடைந்தார்.

கிரகண நாளும் வந்தது. வானத்தை மேகம் மூடியது. ஒன்றும் தெரியவில்லை.

உயிரைப் பணயம் வைத்து வந்தவருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் என்ன இருக்க முடியும்? அவர் முணுமுணுத்து ஒதுங்கவில்லை. அடுத்த கிரகணம் எங்கே என்று தேடினார். அது ஓராண்டுக்குள் நம் தமிழகத்தில் வரவிருந்தது.

நீலகிரியில் சோலூர்

1871 டிசம்பர் 12-ஆம் நாள் நிழற்பட்டை மலையாளக் கரையில் நுழைந்து, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியே யாழ்ப்பாணத்தை நோக்கிச் சென்றது. நம் காட்டுமன்னார்கோயில் பட்டைக்கு வெளியே இருந்ததால் இங்கே பகுதிக் கிரகணந்தான். முன்பு பகைமை கொள்ளாத லாக்கியர் இப்போது பேக்கல் கோட்டைக்கு வந்திருந்தார். டென்னன்ட் தொட்டபெட்டாவிலும், போக்சன் அவிநாசியிலும், இத்தாலியரான ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் காத்திருந்தனர். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்கள் அந்நாளில் உலக வானியல் ஏடுகளில் இடம்பெற்றன.

வடகிழக்குப் பருவமழை முற்றும் ஓயாத காலம் அது. மழை மேகம் கிழக்கிலிருந்து வரும் என்பது டெல்டாப் பிள்ளைகளான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜான்சென் நீலகிரியில் எங்கே வானம் தெளிவாக இருக்கும் என்று ஆராய்ந்து, உதகைக்கு வடமேற்கேயுள்ள சோலூர் என்ற சிற்றூரைத் தேர்ந்தார். உயர்ந்த இடம், தூய காற்று. கிரகண நேரத்தில் வானம் மாசற்று விளங்கியது.

இம்முறை அவர் கொண்டுவந்த தொலைநோக்கி, மங்கிய ஒளியையும் நிறையச் சேர்த்துத் தரும்படி தனியே அமைக்கப்பட்டது. இருள் நீடித்ததோ ஏறத்தாழ இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குள், வெண்ணிறப் பரிவட்டத்தின் நிறமாலையில் ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகளையும், சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளையும் கண்டறிந்தார். பரிவட்டம் கண்ணின் மயக்கமோ, பூமியின் காற்றோ அன்று. சூரியனைச் சுற்றி உண்மையாகவே இருக்கும் வாயுவும், சூரிய ஒளியைச் சிதறச் செய்யும் நுண்பொருளும் என்பது துலங்கிற்று. ஓரானில் மேகம் பறித்துக்கொண்டதைச் சோலூர் திருப்பித் தந்தது.

ஓயாத பயணி

1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததை ஜப்பானின் நாகசாகியிலிருந்து கண்டார். அதற்காக அவர் அமைத்த சுழல் கேமரா அடுத்தடுத்துப் படங்களை எடுத்தது. இக்கருவி பின்னர் திரைப்படக் கருவியின் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. 1875-இல் சயாமில் ஒரு கிரகணம்; 1883-இல் பசிபிக் கடலின் நடுவே கரோலின் தீவில் ஒரு கிரகணம். இதற்கிடையே பாரிஸுக்கு அருகே மெதோன் என்ற இடத்தில், பாழடைந்த அரண்மனையைச் சீர்படுத்திச் சூரிய ஆய்வகம் அமைத்தார். அங்கே பல ஆண்டுகள் சூரியனைப் படமெடுத்தார்.

காற்று மெலிந்த உயரத்திலிருந்து சூரியனைக் காண வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. 66 வயதில், நடக்க இயலாத நிலையில், வழிகாட்டிகள் இழுத்த பனிச்சறுக்கு வண்டியில் அமர்ந்து மேற்கு ஐரோப்பாவின் உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கின் உச்சியை அடைந்தார். 1893-இல் அதன் பனியின்மேலேயே ஒரு வானாய்வகம் எழுப்பினார். அது சில ஆண்டுகளில் பனியில் புதைந்து மறைந்தது. 1907 டிசம்பர் 23-ஆம் நாள், 83-ஆம் வயதில், மெதோனில் ஜான்சென் காலமானார்.

நாம் கற்க வேண்டியவை

இவ்வாழ்விலிருந்து கிரகணம் பார்க்கும் முறையையே நாம் கற்றுக்கொள்ளலாம். முதலாவது, இடம். நிழற்பட்டைக்குள், கூடுமானவரை அதன் நடுக்கோட்டுக்கு அருகில், அந்த மாதத்தில் மேகம் குறைந்த ஊரைத் தேர வேண்டும். குண்டூருக்கும் சோலூருக்கும் ஜான்சென் போனது இப்படித்தான்.

இரண்டாவது, கண் காப்பு. பகுதிக் கிரகணத்தையும் கங்கண கிரகணத்தையும் எந்த நொடியிலும் வெறுங்கண்ணால் பார்க்கலாகாது. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தர எண் உள்ள கிரகணக் கண்ணாடியையோ, 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியையோ பயன்படுத்தலாம். கீறல், ஓட்டை இருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். கரி பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி ஆகியவை போதா. தாம்பாளத்து மஞ்சள் நீரிலோ வீராணம் ஏரியின் நீரிலோ தெரியும் சூரியனையும் உற்றுப் பார்க்கக் கூடாது. கிரகணக் கண்ணாடி அணிந்தபடி தொலைநோக்கிக்குள் நோக்குவது பெருந்தவறு. முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மூடப்பட்டுப் பரிவட்டம் தெரியும் சில நிமிடங்கள் மட்டுமே வெறுங்கண்ணுக்கு உரியவை. ஓரத்தில் முதல் ஒளிமுத்து எட்டிப் பார்த்ததும் மீண்டும் கண்ணாடியை அணிந்துவிட வேண்டும்.

செலவே இல்லாத வழியும் உண்டு. ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் விழச் செய்தால், 9 மில்லிமீட்டர் அகலமுள்ள சூரிய உருவம் தெரியும். துளையின் வழியே சூரியனைப் பார்ப்பதன்று. தாளை மட்டுமே பார்க்க வேண்டும். வீட்டு ஜல்லிக் கரண்டியைப் பிடித்தால் ஒன்றுக்குப் பல பிறைகள் தரையில் விழும். வேப்பமரத்து நிழலிலும் இலைகளின் இடுக்கு வழியே நூற்றுக்கணக்கான பிறைகள் விழுந்து கிடக்கும். பாட்டியையும் கைபிடித்து அழைத்து வந்து இதைக் காட்டலாம்.

மூன்றாவது, மனம். மேகம் வந்தால் அது எவருடைய குற்றமும் அன்று. ஓரானுக்குப் பின் சோலூர் உண்டு.

இன்று நம் நாட்டில்

கிரகணம் இல்லாமலே சூரியச் சுவாலைகளைக் காண ஜான்சென் கண்ட வழி, நம் மாநிலத்தில் வேரூன்றி வளர்ந்தது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில், சூரிய வட்டைச் செயற்கையாக மறைத்துப் பரிவட்டத்தைக் காணும் கருவி உள்ளது. சில நிமிடமே வாய்த்த காட்சியை நாள்தோறும் காணும் ஏற்பாடு அது. அத்திட்டத்தின் இயக்குநராய்ப் பணியாற்றியவர் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நிகர் ஷாஜி அம்மையார். கிரகணத்தன்று பெண் வெளியே வரலாகாது என்ற நாட்டில், சூரியனை நோக்கிக் கலம் அனுப்பும் பணிக்கு ஒரு தமிழ்ப் பெண் தலைமை தாங்கியதை நம் மாணவியர் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

2031 மே 21-ஆம் நாள் ஒரு கங்கண கிரகணம் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கவிருக்கிறது. அன்று நம் ஊரிலும் சூரியன் பெரும்பகுதி மறையும். 2034 மார்ச் 20-ஆம் நாள் இந்தியாவின் வடகோடியில், காஷ்மீரப் பகுதியில் முழுக் கிரகணம் தெரியும். இன்று கீழ் வகுப்புகளில் பயிலும் சிறுமியர் அப்போது கல்லூரி மாணவியராயிருப்பர். அவர்களுள் ஒருத்தியாவது கண்ணாடியும் வரைபடமும் எடுத்துக்கொண்டு அந்த நிழலைத் தேடிப் புறப்பட வேண்டும் என்பதே நம் ஆவல். பெற்றோரிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த கிரகணத்தன்று பிள்ளையின் கண்ணை முறையாகக் காத்து, வாசற்கதவைத் திறந்து விடுங்கள்.